பத்து மாதக் குழந்தைக்கு எத்தனை கலோரி? அதை அளந்து பார்க்க முடியுமா?

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்ட கேள்வி இது. மகனுக்குப் பத்து மாதம், எடை 8.2 கிலோ. தாய்ப்பால் குடிக்கிறான். கூடவே கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், இட்லி என்று போகிறது. மாமியார், "பிள்ளை இளைச்சுக் கிடக்குது, உன் பால் பத்தலை" என்கிறார். கைப்பேசிச் செயலி ஒன்று நாளைக்கு 900 கலோரி கொடுக்கச் சொல்கிறது. நாத்தனார் வீட்டில் கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷின் இருக்கிறதாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் அவனுடைய கொழுப்பு தெரியுமா என்று கேட்கிறார். சேலத்தில் எங்காவது இதையெல்லாம் சரியாக அளந்து சொல்வார்களா என்பது கடைசிக் கேள்வி.

குழந்தைகளின் ஊட்டச்சத்துத் துறையில் வேலை பார்த்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அளக்க முடியும். ஆனால் அந்த அளவு உங்கள் கவலைக்குப் பதில் சொல்லாது. ஏன் என்பதுதான் மீதி.

முதலில் மாமியாருக்குப் பதில். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி, பத்து மாத ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.2 கிலோ. எடைக்குறைவு என்று சொல்வதற்கான கோடு 7.4 கிலோ. 8.2 இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. ஆரோக்கியமான நூறு ஆண் குழந்தைகளை எடை வரிசையில் படுக்க வைத்தால், பதினைந்து பேராவது உங்கள் மகனைவிட எடை குறைவாக இருப்பார்கள். அது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கணக்கு, நமக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். அந்த அட்டவணைக்காக அளக்கப்பட்ட குழந்தைகள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுக் குழந்தைகள். இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர்களையே தேர்ந்தெடுத்து அளந்தார்கள். ஆகவே இந்த ஒரு எடையை வைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. முந்தைய மாதங்களின் எடை என்ன என்பதுதான் நான் கேட்கும் எதிர்க்கேள்வி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது கலோரி. பெரியவர்களுக்கு ஒரு நாளில் செலவாகும் அளவுக்குச் சாப்பிட்டால் எடை அப்படியே நிற்கும், அவ்வளவுதான் கணக்கு. குழந்தைக்குச் செலவோடு இன்னொன்றும் உண்டு. புதிதாக உருவாகும் தசையிலும் கொழுப்பிலும் அது தினமும் கொஞ்சம் சக்தியைச் சேர்த்துவைக்கிறது. பிறந்த முதல் மூன்று மாதங்களில் மொத்தத் தேவையில் ஏறத்தாழ 35 சதவீதம் இப்படி வளர்ச்சிக்கே போகிறது. ஒரு வயதை நெருங்கும்போது அது 3 முதல் 5 சதவீதமாகச் சுருங்கிவிடும். அதனால்தான் ஒரு கிலோ எடைக்கு இத்தனை கலோரி என்று பார்த்தால், முதல் மாத ஆண் குழந்தைக்கு 113 ஆக இருப்பது ஏழெட்டு மாதத்தில் 79-க்கு இறங்கி, ஒரு வயது வரை 80 சுற்றிலேயே நிற்கிறது. ஆறேழு மாதத்துக்கு மேல் பிள்ளை முன்போலக் கொழுகொழுவென்று ஏறவில்லையே என்று வீட்டில் பேச்சு எழுவதும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான்.

உங்கள் செயலி சொன்ன 900-ஐயும் இங்கேயே பார்த்துவிடலாம். 8.2-ஐ 110-ஆல் பெருக்கினால் 902 வருகிறது. 110 என்பது பச்சைக் குழந்தைக்கு உரிய எண். பத்து மாதத்துப் பிள்ளைக்கு அதைப் போட்டால் கால் பங்குக்கு மேல் அதிகமாகிவிடும். 80-ஆல் பெருக்கினால் 656. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (ஐ.சி.எம்.ஆர்–என்.ஐ.என்) 2020-ல் வெளியிட்ட இந்திய அட்டவணையில் ஆறு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு, 8.5 கிலோ எடைக்கு, நாளைக்கு 670 கலோரி என்று இருக்கிறது. அதோடு இது ஒத்துப்போகிறது. (கிலோகலோரியைத்தான் எல்லோரும் கலோரி என்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன்.)

இந்த 80 எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. வெகு காலம் வரை, நன்றாக வளரும் குழந்தைகள் எவ்வளவு குடிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து அதையே தேவை என்று எழுதிக்கொண்டார்கள். 1985-ல் வந்த சர்வதேச அறிக்கை வரைக்கும் இதுதான் வழி. குழந்தைக்கு ஊட்டுவதில் பாதி சட்டையிலும் பாதி தரையிலும் போகும் என்பது ஊட்டியவர்களுக்குத் தெரியும். புட்டிப்பால் குழந்தைகளும் அந்தக் கணக்கில் நிறைய இருந்தார்கள். 2001-ல் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. பல்கலைக்கழகமும் கூட்டிய நிபுணர் குழு, உண்ணும் அளவை விட்டுவிட்டு, உடம்பு உண்மையில் செலவழிக்கும் அளவை எடுத்துக்கொண்டது. கிடைத்த எண்கள் பழையதைவிட முதல் மூன்று மாதத்துக்கு 12 சதவீதம், ஒன்பது மாதம் வரை 17 சதவீதம், அதற்குமேல் ஒரு வயது வரை 20 சதவீதம் குறைவாக இருந்தன. ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்கு அட்டவணைகள் தேவைக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தன என்று அர்த்தம்.

ஓடி ஆடி, தவழ்ந்து, தூங்கி, அழுது ஒரு குழந்தை வாரம் முழுக்கச் செலவழிப்பதை எப்படி அளப்பது? கூண்டில் அடைக்க முடியாது. இதற்கான வழி கனநீர். ஹைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் சற்றுக் கனமான வகைகள் இயற்கையிலேயே இருக்கின்றன. கன ஹைட்ரஜனுக்கு டியூட்டீரியம் என்று பெயர், கனமான ஆக்சிஜனுக்கு ஆக்சிஜன்-18. கதிரியக்கம் துளியும் கிடையாது. நாம் குடிக்கும் தண்ணீரிலேயே ஆக்சிஜன் அணுக்களில் ஐந்நூறில் ஒன்று இந்த வகை, ஹைட்ரஜனில் ஏறத்தாழ 6,400-ல் ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்த நீரை, இரட்டைக் குறியிட்ட நீர் என்பார்கள், எடை போட்டு அளந்து குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். அது உடம்பில் உள்ள தண்ணீரோடு கலந்துவிடும். டியூட்டீரியம் வெளியேற ஒரே வழிதான்: சிறுநீர், வியர்வை, மூச்சு ஈரம் என்று நீராகத்தான் போக வேண்டும். ஆக்சிஜன்-18-க்கு இரண்டு வழி. நீராகவும் போகும், மூச்சில் விடும் கரியமில வாயுவாகவும் போகும். அடுத்த ஐந்து முதல் ஏழு நாள் சிறுநீரையோ எச்சிலையோ எடுத்துப் பார்த்தால், ஆக்சிஜன்-18 வேகமாகக் குறைந்திருக்கும், டியூட்டீரியம் மெதுவாக. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குழந்தை வெளியிட்ட கரியமில வாயு. அதிலிருந்து எரிந்த சக்தியைக் கணக்கிடலாம்.

மூச்சுக்காற்றின் ஆக்சிஜனும் உடம்பு நீரின் ஆக்சிஜனும் கலந்து சமமாகின்றன என்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நாதன் லிஃப்சன் குழு 1949-ல் கண்டுபிடித்தது. 1955-ல் எலிகளில் அளந்து காட்டினார்கள். மனிதர்களில் முதலில் செய்து பார்த்தது 1982-ல், டேல் ஷோலர் குழு. நடுவே இவ்வளவு வருடம் ஆனதற்குப் பெரிய காரணம் ஆக்சிஜன்-18-ன் விலை. எலிக்குச் சொட்டு போதும், ஆளுக்குக் கிராம் கணக்கில் வேண்டும். அந்த வகையில் குழந்தைகள் செலவு குறைந்தவர்கள்தான்.

ஆனால் மற்ற எல்லா வகையிலும் குழந்தைகளிடம் இது சிரமம். மருந்தூசிக் குழாயால் கனநீரை வாயில் விடும்போது ஒரு துளி வழிந்தாலும் கணக்கு தப்பும். அதனால் கழுத்தடியில் துணி வைத்து, முன்னும் பின்னும் அந்தத் துணியை எடை போடுவார்கள். சிறுநீரை டயப்பருக்குள் வைத்த பஞ்சிலிருந்து பிழிந்தெடுக்க வேண்டும். அதையும்விடப் பெரிய சிக்கல், குழந்தையின் சாப்பாடே நீராகாரம். உடம்பு அளவுக்குப் பார்த்தால் நம்மைவிடப் பல மடங்கு தண்ணீர் அதன் வழியாகப் போகிறது. இரண்டு கன அணுக்களும் குறைவதைக் கோடாக வரைந்தால், இரண்டு கோடுகளும் செங்குத்தாக இறங்குவதால் அவற்றுக்கு இடையிலுள்ள வித்தியாசம் சிறிதாகத் தெரிகிறது, பிழை பெரிதாகிறது.

நம் ஊர்ப் பக்கம் இதைச் செய்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மழைமேகம் மேலே ஏற ஏறக் கனமான நீர் முதலில் பொழிந்துவிடும், உச்சியில் விழும் மழையில் கன அணுக்கள் குறைவு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. மலை ஊற்று நீரில் இயற்கையான டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18-ம் குறைவாக இருக்கும். சேலம் குழாயில் வருவது மேட்டூர் அணையில் வெயிலில் காய்ந்து கிடந்த காவிரி. ஆவியாகும்போது லேசான நீர் முதலில் போய்விடும், தேங்கிய நீரில் கன அணுக்கள் கூடும். ஆகவே அளவு நடக்கும் வாரத்தில் குழந்தையைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுப் பாட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால், அதன் உடம்புநீரின் அடிப்படை அளவே நகர்ந்துவிடும். செலவைக் கணக்கிடுவதோ சின்ன வித்தியாசத்தை வைத்து. இடம் மாறாதீர்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான். (மலையில் குழந்தை எடை குறைவாகக் காட்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. புவியீர்ப்பு வித்தியாசத்தால் எட்டுக் கிலோவில் அதிகபட்சம் மூன்று கிராம். மறந்துவிடலாம்.)

இப்படி அளந்த 320 அளவீடுகளைச் சேர்த்துத்தான் 2001 குழு ஒரு வரி சூத்திரம் போட்டது: கிலோவில் எடையை 88.6-ஆல் பெருக்கி, 99.4-ஐக் கழித்தால் ஒரு நாள் செலவு. அமெரிக்காவில் ஹூஸ்டனில் குழந்தை ஊட்டச்சத்து ஆய்வாளர் நான்சி பட்டே செய்த வேலை இதில் முக்கியமானது. உங்கள் மகனுக்குப் போட்டுப் பார்ப்போம். 8.2 பெருக்கல் 88.6, கிட்டத்தட்ட 727. அதில் 99 போனால் 627. வளர்ச்சிக்கு ஒரு 20 சேர்த்தால் 650 சொச்சம். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்குத் தனிச் சூத்திரமும் உண்டு. அதில் இன்னும் கொஞ்சம் குறைவாக, 630 அளவில் வரும். புட்டிப்பால் குழந்தைகள் அதே எடையில் சற்று அதிகம் செலவழிக்கிறார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்தச் சூத்திரத்தோடு ஒரு பிழை அளவும் அச்சாகியிருக்கிறது: 109 கலோரி. ஒரே எடையுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவன் 520-ம் இன்னொருவன் 730-ம் செலவழிக்கலாம், இருவரும் நன்றாகவே இருப்பார்கள். ஒருவன் நாள் முழுக்கத் தவழ்கிறவன், ஒருவன் உட்கார்ந்து விளையாடுகிறவன். வளர்ச்சிக்குப் போகும் சக்தியோ பத்து மாதத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 கலோரி, அரை டீஸ்பூன் நெய். 109 பிழை உள்ள கருவியால் 20-ஐப் பார்க்க முடியாது. ஆனால் அந்த 20 கலோரி நாளுக்கு ஏறத்தாழ 8 கிராம் எடையாக உடம்பில் சேர்கிறது, மாதத்துக்கு 240 கிராம். அதை அங்கன்வாடியில் உள்ள தராசே காட்டிவிடும். ஆயிரக்கணக்கில் விலை உள்ள கனநீருக்குத் தெரியாததைக் குழந்தை எடை போடும் மெஷின் சொல்கிறது என்றால் வேடிக்கைதான். கனநீர் முறையின் பயன் வேறு. அது ஒரு கூட்டத்தின் சராசரியைத் துல்லியமாகச் சொல்லும், அட்டவணை எழுத உதவும். ஒற்றைப் பிள்ளைக்கு இன்று எவ்வளவு ஊட்டலாம் என்று கேட்பதற்கான கருவி அல்ல.

கூட்டத்தைப் பார்ப்பதில் அது என்ன காட்டியது என்பதற்கு ஓர் உதாரணம். பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயதுக்காரர் வரை 6,421 பேரின் அளவுகளைச் சேர்த்து 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. பிறந்த குழந்தை, உடம்பு அளவைக் கணக்கில் எடுத்தால், அம்மாவைப் போலவேதான் செலவழிக்கிறது. ஒரு வயதை ஒட்டி அது பெரியவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகமாகிவிடுகிறது. பிறகு மெல்ல இறங்கி இருபது வயதில்தான் நம் நிலைக்கு வருகிறது. உங்கள் மகன் இப்போது அந்த உச்சத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறான்.

ஓய்வில் செலவாகும் சக்தியை மட்டும் அளக்க வேறு வழியும் உண்டு. தூங்கும் குழந்தையின் தலைக்கு மேல் ஒளி ஊடுருவும் கவிகையைக் கவிழ்த்து, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் ஒப்பிடுவது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையில் இதற்கு வேலை இருக்கிறது. ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால், அழுத்தத் திருத்தம் செய்யாமல் அங்கே இந்தக் கருவியை ஓட்டினால் எண் தப்பாக வரும். வீட்டுக் கவலைக்கு இது வேண்டாத விஷயம், தாண்டிப் போகலாம்.

கொழுப்புக்கு வருவோம். நாத்தனார் வீட்டு மெஷின் மெல்லிய மின்சாரத்தை ஒரு காலில் செலுத்தி மறு காலில் வாங்குகிறது. இடுப்புக்கு மேலே இருப்பதைப் பெரும்பாலும் வயது, உயரம், ஆண் பெண் என்று நாம் பதிவு செய்ததை வைத்து ஊகிக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினால், அதற்குத் தெரிவது திடீரென்று 8.2 கிலோ கூடிய நீங்கள்தான். அந்த எண்ணில் குழந்தை எங்குமே இல்லை. இதை மட்டும் செய்யாதீர்கள் என்று சொல்லமாட்டேன், செய்தால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் வருவதை நம்பாதீர்கள். எடையைக் கழித்துப் பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம், அதுவும் 100 கிராம் துல்லியம் இருந்தால்.

உண்மையான முறைகளில் எனக்குப் பிடித்தது காற்றுப் பெட்டி. பீ-பாட் என்று பெயர். முட்டை வடிவப் பெட்டிக்குள் துணியில்லாமல் குழந்தையைப் படுக்க வைத்து மூடினால், இரண்டு நிமிடத்தில் அது எவ்வளவு காற்றை இடம்பெயர்த்தது என்று அழுத்த மாற்றத்திலிருந்து கணக்கிடுகிறது. பருமனும் எடையும் தெரிந்தால் அடர்த்தி தெரியும். கொழுப்பு லேசானது, மற்ற திசுக்கள் கனமானவை, அதிலிருந்து கொழுப்பின் பங்கு. குழந்தை உதைத்தாலும் அழுதாலும் பரவாயில்லை. குறை என்னவென்றால், ஏறத்தாழ ஆறு மாதத்தோடு குழந்தை பெட்டிக்கு அடங்காது. பெரியவர்கள் உட்காரும் பெட்டியில் குழந்தை இருக்கை போட்டு அளப்பது இரண்டு வயதுக்கு மேல்தான். நடுவில் உள்ள ஒன்றரை வருடம், உங்கள் மகன் இருக்கும் வயது, இரண்டுக்கும் சிக்காது. எக்ஸ்-கதிர் வைத்து எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா மெஷினிலும் கொழுப்பு தெரியும், கதிர் அளவு மிகக் குறைவுதான். ஆனால் பத்து மாதத்துப் பிள்ளையைச் சில நிமிடம் அசையாமல் படுக்க வைத்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அந்த இடைவெளியை நிரப்புவது டியூட்டீரியம் மட்டும் கலந்த நீர். ஆக்சிஜன்-18 வேண்டாம் என்பதால் செலவு மிகக் குறைவு. கொடுப்பதற்கு முன் ஒரு முறை எச்சில், இரண்டரை மூன்று மணி நேரம் கழித்து ஒரு முறை. எவ்வளவு நீர்த்துப் போயிருக்கிறது என்பதிலிருந்து உடம்பில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் என்று தெரியும். கொழுப்பில் தண்ணீர் இல்லை, ஆகவே மிச்சத்தைக் கணக்கிடலாம். இங்கேதான் வயது விளையாடும். பெரியவர்களில் கொழுப்பு நீங்கிய உடம்பில் 73 சதவீதம் தண்ணீர். கைக்குழந்தையில் 79, 80. உங்கள் மகன் உடம்பில் 4.9 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 79 சதவீதக் கணக்கில் கொழுப்பு நீங்கிய எடை 6.2 கிலோ, கொழுப்பு 2 கிலோ, அதாவது 24 சதவீதம். இந்த வயதுக்கு இயல்பான அளவு. பெரியவர்களின் 73-ஐத் தெரியாமல் போட்டால் 18 சதவீதம் என்று வந்து, பிள்ளை வற்றிவிட்டான் என்று ஊரே கூடும். அளவு ஒன்றுதான், வகுத்த எண்தான் வேறு.

24 சதவீதம் என்றதும் சிலர் திகைப்பார்கள். பிறக்கும்போது 13 முதல் 15 சதவீதமாக இருக்கும் கொழுப்பு நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் 25-ஐ எட்டிவிடும். மற்ற எந்தப் பாலூட்டிக் குட்டியும் இப்படிச் சேர்ப்பது அபூர்வம். தவழ ஆரம்பித்த பிறகு மெல்லக் குறையும். கன்னம் வற்றுவதும் தொடை மடிப்பு மறைவதும் இந்தச் சமயத்தில்தான். மாமியார் பார்த்தது அநேகமாக இதைத்தான்.

இந்திய ஆய்வுகளையும் சொல்ல வேண்டும். புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எல்லா அளவிலும் நம் குழந்தைகள் சிறியவர்கள். ஆனால் தோளெலும்புக்குக் கீழே தோலை மடித்துப் பிடித்து அளந்த கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தசை குறைந்து, கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்டு பிறக்கிறார்கள் என்று சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு 2003-ல் எழுதியது. மைசூரிலும் இதே மாதிரி தெரிந்தது. ஆகவே நம் ஊரில் எடையை ஏற்றுவதே குறியாக மாவுச்சத்தை மட்டும் ஊட்டுவது எனக்கு உவப்பில்லை. எடையோடு நீளமும் வளர்கிறதா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம். நீளம் வளர்ந்தால் எலும்பும் தசையும் சேர்ந்து வளர்கின்றன.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சபலம் உண்டு: ஜவ்வரிசிக் கஞ்சி. ஊரே மரவள்ளியில் ஓடுகிறது, பிள்ளை பூசினாற்போல ஆக வேண்டுமென்றால் முதலில் கை போவது அந்த டப்பாவுக்கு. ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, புரதம் இல்லை என்றே சொல்லலாம். கலோரியாவது கிடைக்குமா என்றால், 20 கிராம் ஜவ்வரிசியை 200 மி.லி. கஞ்சியாகக் காய்ச்சினால் மொத்தம் 70 கலோரி, அதாவது 100 மி.லி.க்கு 35. தாய்ப்பாலில் 100 மி.லி.க்கு 65 அளவில் இருக்கிறது. பிள்ளையின் வயிறு கிலோவுக்கு 30 மி.லி. பிடிக்கும் என்று வைத்தால் இவனுக்கு 250 மி.லி. கூட இல்லை. அதை நீர்க்கக் கரைத்த கஞ்சியால் நிரப்பினால் பாலுக்கும் பருப்புக்கும் இடமில்லை. நீர்க்கக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழுக்கும் இதே கதைதான். கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் கெட்டியாகக் கிளறி, ஒரு டீஸ்பூன் நெய் அல்லது எண்ணெய் விட்டால் 40 கலோரி கூடும். முட்டை ஒன்று 70. நல்லபடியாகத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒன்பது முதல் பதினோரு மாதம் வரை இணை உணவிலிருந்து தேவைப்படுவது 300 கலோரி அளவுதான். 900 அல்ல.

"பால் பத்தலை" என்பதற்கும் அளவுமுறை உண்டு, அதுவும் அழகான முறை. கனநீரைக் குழந்தைக்குக் கொடுப்பதில்லை. அம்மா 30 கிராம் குடிக்கிறார். அது அவர் பாலில் வரும், பால் வழியாகக் குழந்தைக்குப் போகும். பதினான்கு நாளில் இருவர் எச்சிலையும் அவ்வப்போது எடுத்துப் பார்த்தால் குழந்தை குடித்த பாலின் அளவு தெரியும். பால் அல்லாத வேறு தண்ணீர் எவ்வளவு போயிற்று என்பதும் தெரிந்துவிடும். பால் மட்டும்தான் கொடுக்கிறோம் என்று சத்தியம் செய்யும் வீடுகளில் கிரைப் வாட்டரும் சர்க்கரைத் தண்ணீரும் இப்படித்தான் வெளியே வந்தன. வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வழி, பால் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அதே துணியோடு, டயப்பர் மாற்றாமல் எடை போடுவது. ஆனால் இதற்கு ஐந்து கிராமாவது துல்லியமுள்ள மெஷின் வேண்டும், இருபத்திநான்கு மணி நேரமும் செய்ய வேண்டும். ஒரு வேளையை வைத்து முடிவுகட்டினால் தாய்க்கு மனவருத்தம்தான் மிச்சம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? மாதம் ஒரு முறை, முடிந்தவரை ஒரே தராசில், துணி இல்லாமல் எடை போடுங்கள். வாரா வாரம் வேண்டாம். இந்த வயதில் மாத ஏற்றமே 200 முதல் 300 கிராம். முழுதாக நனைந்த டயப்பர் ஒன்றே 100 கிராமைத் தாண்டும், ஒரு வயிற்றுப்போக்கு 300 கிராமை இழுத்துவிடும். நீளத்தைப் படுக்க வைத்துப் பலகையில் அளக்கச் சொல்லுங்கள், ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் முழங்காலை நீட்ட. தாய் சேய் அட்டையில் உள்ள பழைய எடைகளைக் கோட்டில் குறித்துப் பாருங்கள். ஆறு மாதத்திலிருந்தே இவன் நூற்றில் 15-ஆம் இடத்தை ஒட்டிய கோட்டில் வந்துகொண்டிருந்தால் இது அவனுடைய கோடு, விட்டுவிடுங்கள். நடுக்கோட்டில் இருந்தவன் இரண்டு மூன்று மாதத்தில் சரிந்து இங்கே வந்திருந்தால் அது வேறு கதை, குழந்தை மருத்துவரிடம் அட்டையோடு போங்கள். அங்கன்வாடியில் மேல்கையைச் சுற்றி அளக்கும் வண்ண நாடாவையும் கேளுங்கள். 12.5 செ.மீ.க்கு மேல் பச்சை. 11.5-க்குக் கீழே சிவப்பு, அன்றைக்கே மருத்துவமனை. அந்த நிலையில் உள்ள குழந்தைக்கு வீட்டில் திடீரென்று நிறைய ஊட்டுவது ஆபத்து. மருத்துவமனையில் முதலில் கிலோவுக்கு 100 கலோரி அளவில் நிறுத்தி, உடம்பு தேறிய பிறகே 150, 200 என்று ஏற்றுவார்கள்.

கடைசிக் கேள்வி, எங்கே அளப்பார்கள் என்பது. இவை ஸ்கேன் சென்டரில் சீட்டு எழுதி எடுக்கும் சோதனைகள் அல்ல, ஆராய்ச்சிக்கூட வேலை. நமக்குப் பக்கத்தில் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையம் இந்தக் கன அணுக்களை வைத்து நீண்ட காலமாக வேலை செய்கிறது. வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் ஆதரவில் ஆஸ்திரேலியா, பிரேசில், இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா, இலங்கை ஆகிய ஆறு நாட்டுக் குழந்தைகளை இரண்டு வயது வரை அளந்து கொழுப்புக்கான ஒப்பீட்டு வரைபடங்களை 2023-ல் வெளியிட்டார்கள். எடை அட்டவணை மாதிரி கொழுப்புக்கும் ஒன்று வந்ததே அண்மையில்தான். குறைமாதத்தில் பிறந்தவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கடும் ஊட்டக்குறையிலிருந்து மீள்கிறவர்கள், மூளை வாதம் உள்ளவர்கள், இவர்களுக்கு ஏறும் எடை தசையா கொழுப்பா என்று அறிவது சிகிச்சையையே மாற்றும். உங்கள் மகனுக்கு அது இப்போது வேண்டாம். யாராவது ஆய்வுக்காகக் கூப்பிட்டால், ஒப்புதல் படிவத்தைப் படித்துவிட்டு, விருப்பமிருந்தால் போங்கள். அந்த நீரால் கெடுதல் இல்லை. முடிவின் நகல் ஒன்றை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.